இரண்டு ஓடு, ஒரே எண்

கோட்டையூரில் கோட்டை கிடையாது.
பெயரை நம்பி இறங்கிவிட்ட வெளியூர்க்காரர்கள்
ஊருணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு
அடுத்த பஸ்ஸில் காரைக்குடி போய்விடுவார்கள்.
லாகீசில் கோட்டை உண்டு, ஊர் கிடையாது.
ஒரு மேடு.
ஒன்றன் தலைமேல் ஒன்று உட்கார்ந்த வீடுகள்,
மேலே புல், ஆடு மேயலாம்.

மறைக்கல்வி வகுப்பில் என் வாய் குளறிய பெயர் அது.
இப்போது அதுதான் சோறு போடுகிறது.
அங்கே தோண்டும் பானை ஓடுகளை
இங்கே உட்கார்ந்து வரைகிறேன்.
போட்டோ வரும், ஓரத்தில் அளவுகோல்.
இடப்பக்கம் வெட்டுமுகம், கறுப்பாய் நிரப்பணும்.
வலப்பக்கம் வெளித்தோற்றம்.
நடுவில் ஒரு கோடு, தூக்குக்குண்டு விட்ட மாதிரி.
ஓட்டுக்கு அறுபது ரூபாய்.

பெரிய வீட்டு மாடியில் வாடகை அறை.
பதினோரு பங்கு, பத்துப் பூட்டு,
என் கதவு மட்டும் திறக்கும்.
என் பங்குக்காரர் ஈப்போவில் பல் டாக்டர்.
லாகீஸ் வாசலிலும் ஆறு அறைகள்,
பக்கத்துக்கு மூன்று.
எது யார் பங்கு என்று ஒரு ஓடும் சொல்லவில்லை.

மூன்றாம் படுகை எரிந்த படுகை.
அசீரிய ராஜா மலையாய்க் கல்லைக் கொட்டி
மதில் உயரத்துக்குப் பாதை போட்டு ஏறினான்.
அம்புமுனை, கவண்கல், கரி.
ஊர் திரும்பி
தன் அரண்மனைச் சுவரெல்லாம் அதைச் செதுக்க வைத்தான்.
ஜெயித்தவன் படம் பெரிசு.
எனக்கு மிஞ்சியது வாய்விளிம்பும் கைப்பிடியும்.

போன மாசம், கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரி,
நூற்றுப் பதினேழாம் ஓட்டில்
கை நின்றுவிட்டது.
இந்த உடைவை எனக்குத் தெரியும்.
சித்திரையில் வரைந்திருக்கிறேன்,
வேறு பெட்டி, வேறு வருஷத்துத் தோண்டல்,
இதே பல்வரிசை, எதிர்ப்பக்கமாய்.
தேடி எடுத்துத் திரையில் பக்கத்தில் இழுத்து வைத்தேன்.
மயிர் நுழைய இடமில்லை.

ஆனால் ஒன்று கரிக்கட்டை.
மற்றது நேற்றுச் சூளையில் எடுத்த சிவப்பு.
சேர்ந்திருந்து எரிந்திருந்தால்
இரண்டுமல்லவா கறுத்திருக்கும்?
அப்படியானால்
பானை முதலில் உடைந்தது.
தீ அப்புறம்தான் வந்தது.

எவ்வளவு அப்புறம்?
மதிலில் முதல் இடி விழுந்ததும் கை நழுவிற்றா?
எண்ணெய் எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று
ஒருத்தி தூக்கிப் போட்டு உடைத்தாளா?
இல்லை, முற்றுகைக்கெல்லாம் முந்தி,
ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில்
ஆடு முட்டி,
பெருக்க அலுத்துப்போய்
அடுப்படியில் ஒரு துண்டும் கொல்லையில் ஒரு துண்டுமாய்
கிடந்ததோ என்னமோ.
இதற்கெல்லாம் வரைபடத்தில் குறி கிடையாது.
கைப்பிடி அடியில் குயவன்
பெருவிரலால் அமுக்கிய குழிக்கு உண்டு:
புள்ளி வைக்கணும், ஆழம் போகப்போக நெருக்கமாய்.
வைத்தேன்.

அந்நேரம் கூரையில் தடதடவென்று.
மயில்தான்.
எதற்கோ மிரண்டு
ஓட்டை உடைத்துவிட்டுப் பறந்துபோயிற்று.
விடியட்டும் என்று விட்டுவிட்டு
ஹதாசுக்கு எழுதினேன்:
இரண்டும் ஒரே பானை. எரியும் முன்பே உடைந்தது.

நாலு நாள் கழித்துப் பதில்.
அன்புள்ள அமலோ,
(அமலோற்பவம் அந்தப் பக்கத்து வாயில் நுழையாது)
அருமை. அறிக்கையில் அடிக்குறிப்பாய்ச் சேர்க்கிறோம்.
இனி இரண்டுக்கும் ஒரே எண்.
ஆகவே தொகையும் ஒரே ஓட்டுக்கு.

அறுபது ரூபாய் போச்சு.
சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.
பூட்டுகள் கேட்டிருக்கும்.

கூரை ஓட்டில் முற்றத்தில் கிடைத்தது இரண்டு துண்டு.
சேர்த்துப் பார்த்தேன், பழக்க தோஷம்.
மூன்றாவது
பக்கத்து அறைக்குள் விழுந்திருக்கும்.
சாவி மெல்போர்னில்.